ரசீதில் வராத பள்ளிக் கட்டணம்

போன மே மாதம் மகளின் ஐந்தாம் வகுப்புக்குப் பணம் கட்டப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்று தாள்களை நீட்டினார். முதலாவது, பள்ளியின் முத்திரையோடு அச்சான ரசீது. கல்விக் கட்டணம், முதல் தவணை. இரண்டாவது, பாதியாகக் கிழித்த வெள்ளைத் தாள். பள்ளியின் பெயர் இல்லை, 'ஆக்டிவிட்டி' என்று பேனாவில் எழுதி அதன் கீழே ஒரு தொகை. அதை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டுமாம். மூன்றாவது, பின்பக்க அறையில் புத்தகமும் சீருடையும் வாங்குவதற்கான பில். அதில் வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பக்கத்துக் கவுன்ட்டரில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த ஆட்டோக்காரர் ஒருவர், "மேடம், இந்த ரெண்டாவதுக்கு ரசீது தர மாட்டீங்களா?" என்று கேட்டார். "அது ஸ்கூல் ஃபீஸ் கிடையாதுங்க சார்" என்று பதில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐநூறு ரூபாய்த் தாள்களை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பள்ளிக் கட்டணம் ஏறுகிறது என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். இந்த மூன்று தாள்களில் எது ஏறுகிறது, ஏறிய பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் எட்டு ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். பள்ளி நடத்தும் அறக்கட்டளைகளின் கோப்புகள் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாடு முழுவதற்குமான ஒரு கணக்கு. தேசிய மாதிரி ஆய்வின் 80ஆவது சுற்றில், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கல்விச் செலவு பற்றி வீடு வீடாகக் கேட்டார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செலவழிப்பது சராசரியாக 2,863 ரூபாய். மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. இதுவும் சராசரிதான். கிராமத்து ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் நர்சரி பள்ளியும் குளிரூட்டிய வகுப்பறை வைத்திருக்கும் மாநகரப் பள்ளியும் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு 25,000 ரூபாய் ஒரு தவணைக்கே காணாது.

தமிழ்நாட்டில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டிலேயே தனியார் பள்ளிகளின் கட்டண வசூலை ஒழுங்குபடுத்தும் சட்டம் இங்கே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஒரு குழு; அந்தக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டணம் நிர்ணயிக்கும்; அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010 மே மாதம் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் அறிவித்தபோது எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். பள்ளிகள் ஆயிரக்கணக்கில் மேல்முறையீடு செய்தன. சில ஊர்களில் பெற்றோர் பள்ளி வாசலில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ரவிராஜபாண்டியன், சிங்காரவேலு, மாசிலாமணி என்று அடுத்தடுத்து நீதிபதிகள் அந்த இருக்கைக்கு வந்தார்கள். நிர்ணயித்ததற்கு மேல் வசூலித்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனை என்கிறது சட்டம். கூடுதலாக வாங்கியதைத் திருப்பியும் கொடுக்க வேண்டும். எழுத்தில் இதைவிடக் கடுமையான கட்டணச் சட்டம் வேறு எந்த மாநிலத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு எப்படி அந்த வெள்ளைத் தாள் வருகிறது? குழுவின் கையில் இருப்பது பள்ளி கொடுக்கும் கோப்பு மட்டும். 10,000 பள்ளிகளை மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3,300 கோப்புகள். வேலை நாட்கள் 240 என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 14. ஒரு பள்ளியின் வரவு செலவைக் கிளறிப் பார்க்க எனக்கே அந்தக் காலத்தில் நான்கைந்து நாள் ஆகும். அதுவும் எல்லா வவுச்சரும் கையில் இருந்தால்தான். குழு என்னதான் செய்யும்? இடம், கட்டடம், நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து ஒரு தொகையை முடிவு செய்கிறது. அந்தத் தொகை முதல் தாளில் அச்சாகிறது. மீதி இரண்டாவது தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் போய்விடுகிறது.

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பள்ளி என்பது சட்டப்படி லாபத்துக்கு நடத்தும் தொழில் கிடையாது. அறக்கட்டளையோ சங்கமோ, பங்குதாரருக்கு லாபம் பிரிக்காத நிறுவனமோதான் நடத்த வேண்டும். 2002 அக்டோபர் 31 அன்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது இதுதான்: தனியார் நிறுவனம் தன் கட்டணத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், வளர்ச்சிக்காக நியாயமான உபரியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொள்ளை லாபமும் கூடாது, நன்கொடை வசூலும் கூடாது. சரி, லாபமே எடுக்கக் கூடாது என்றால் பள்ளி தொடங்க இத்தனை பேர் ஏன் முன்வருகிறார்கள்? நிஜமான சேவை உணர்வோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் பள்ளிகளின் கணக்கையும் நான் எழுதியிருக்கிறேன், மாசக் கடைசியில் சம்பளம் போடத் திண்டாடுவார்கள். மற்றவர்களுக்கான பதில் வருமான வரிக் கணக்கில் இருக்கிறது.

அறக்கட்டளை வரி விலக்கு பெற வேண்டுமென்றால் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்காகச் செலவழித்துக் காட்ட வேண்டும். 15 சதவீதம் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். 'செலவு' என்ற சொல்லில்தான் சூட்சுமம். சம்பளம் கொடுத்தாலும் செலவுதான், புதுக் கட்டடம் எழுப்பினாலும் செலவுதான். உபரியை எடுத்துப் பங்கு போட முடியாது, சும்மா வைத்திருந்தால் வரி வரும். அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது கட்டட வேலை சூடு பிடிக்கும். இன்னொரு மாடி, இன்னொரு பிளாக், நீச்சல் குளம், ஆடிட்டோரியம். அடுத்த முறை கட்டணக் குழுவின் முன்னால் போய் நிற்கும்போது அதே கட்டடம் 'உள்கட்டமைப்பு' என்ற தலைப்பில் கட்டண உயர்வுக்கு ஆதாரமாகிறது. பெற்றோர் கொடுத்த பணத்தில் கட்டடம், அந்தக் கட்டடத்தைக் காட்டிப் பெற்றோரிடம் இன்னும் பணம். கட்டண உயர்வுக்கு விலைவாசி, சம்பளம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து முதல் காரணம் இந்தச் சுழற்சிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை, எந்தப் பள்ளியுடையதும் அல்ல. 600 பிள்ளைகள், தலைக்கு 40,000 ரூபாய். ஆண்டு வரவு 2 கோடியே 40 லட்சம். 30 ஆசிரியர்களுக்கு மாதம் 20,000 வீதம் 72 லட்சம். ஆயா, வாட்ச்மேன், ஓட்டுநர், அலுவலகம் என்று 20 பேருக்கு மாதம் 12,000 வீதம் 28 லட்சத்து 80 ஆயிரம். கட்டடத்துக்கு வங்கியில் 5 கோடி கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டு. மாதத் தவணை கிட்டத்தட்ட 6 லட்சத்து 89 ஆயிரம்; ஆண்டுக்கு 82 லட்சத்தைத் தாண்டும். மின்சாரம், பராமரிப்பு, இன்ஷூரன்ஸ், விளம்பரம் எல்லாம் சேர்த்து 30 லட்சம். கையில் நிற்பது 26 லட்சத்துச் சொச்சம், அதாவது 11 சதவீதம். இதில் ஒரு காசு கூட யாரும் திருடவில்லை; சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பெற்றோர் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஆசிரியருக்கு 30 ரூபாய், வங்கிக்கு 34 ரூபாய். பத்து ஆண்டில் வட்டியும் அசலுமாக 8 கோடிக்கு மேல் கட்டி முடித்திருப்பார்கள். கடன் முடிந்த அடுத்த ஜூனில் கட்டணம் குறைந்த பள்ளியை நான் பார்த்ததில்லை.

கட்டடம் அறக்கட்டளையின் சொத்தாக இருந்தால் கூட ஓரளவு ஆறுதல். பல இடங்களில் நிலம் நிறுவனர் குடும்பத்தின் பெயரிலும் பள்ளி அறக்கட்டளையின் பெயரிலும் இருக்கும். அறக்கட்டளை குடும்பத்துக்கு வாடகை கொடுக்கும். நியாயமான வாடகை என்றால் வருமான வரிச் சட்டம் தடுக்காது. எது நியாயம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. வாடகைப் பேரேட்டில் வீட்டுக்காரர் பெயர் நிறுவனரின் மனைவி. ஐந்து ஆண்டு வாடகையை வரிசையாக எழுதிப் பார்த்தால், பள்ளியில் பிள்ளைகள் கூடக்கூட வாடகையும் அதே விகிதத்தில் கூடியிருந்தது. கட்டடத்தின் சதுர அடி மாறவே இல்லை. புத்தகம் விற்ற நிறுவனம் மகனுடையது, வேன் ஓட்டிய நிறுவனம் மைத்துனருடையது. ஒவ்வொன்றும் தனித்தனி பில், தனித்தனி ஜிஎஸ்டி எண். தாளாளர் சம்பளமே வாங்கவில்லை என்று முதல் பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

பெரிய அளவில் இதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்கிறார்கள். நிலமும் கட்டடமும் ஒரு கம்பெனியின் கையில். பள்ளி அங்கீகாரம் அறக்கட்டளையின் கையில். கம்பெனி குத்தகைப் பணமும், பெயரைப் பயன்படுத்த ராயல்டியும், 'மேலாண்மைச் சேவை'க்குக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும். முதலீட்டாளர்கள் கம்பெனிக்குள் வருவார்கள், அறக்கட்டளைக்குள் அல்ல. அவர்கள் எதிர்பார்க்கும் ஆதாயம் கடைசியில் கட்டண உயர்வாகத்தான் வந்து சேர வேண்டும். வேறு வருமானம் பள்ளிக்கு ஏது?

மூன்றாவது தாள் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் மாவட்ட நிர்வாகம் 11 பள்ளிகள் மீது வழக்குப் போட்டது. அனுமதி இல்லாமல் கட்டணத்தை ஏற்றி 80 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாக வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாடப்புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்கள் போலியாக இருந்தன, புத்தகக் கடைகளோடும் பதிப்பாளர்களோடும் பள்ளிகள் கைகோத்திருந்தன என்றும் சொன்னார்கள். பள்ளிப் பொறுப்பாளர்கள் பலர் கைதானார்கள். நம் ஊரில் அந்த அளவுக்கு யாரும் புத்தக பில்லைப் புரட்டிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது பள்ளிகளின் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைப்பது தவறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகைப் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூரை மாற்றம், அகலமான படிக்கட்டு, தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கறாராகக் கேட்கப்பட்டன. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி செத்துப்போனாள். அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, ஆண்டுதோறும் மே மாதத்தில் ஆர்டிஓ ஆய்வு. இந்தச் செலவுகளில் ஒரு ரூபாயைக் கூடக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து வாங்கிய விதிகள் இவை.

அதேபோல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள். அந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை அரசு திருப்பித் தர வேண்டும்; அது நேரத்துக்கு வருவதில்லை. மத்திய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை நிறுத்தி வைத்ததில் 2025–26இல் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை ஜூனில் தொடங்கவே இல்லை, அக்டோபர் வரை இழுத்தது. சின்னப் பள்ளிகளை இது நிஜமாகவே முடக்குகிறது. பெரிய பள்ளிகள் இதையே காரணமாகச் சொல்லி மற்ற பெற்றோர் தலையில் ஏற்றுகின்றன.

நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஒரு காலத்தில் 11, 12ஆம் வகுப்புகளுக்கென்றே விடுதிப் பள்ளிகள் வளர்ந்தன. பிராய்லர் பள்ளி என்று ஊரே பெயர் வைத்தது. 2017இல் நீட் வந்ததும் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இருந்த மவுசு போனது. பள்ளிகள் பயிற்சி மையங்களாக மாறின, 'இன்டக்ரேட்டட் கோச்சிங்' என்று இன்னொரு கட்டணம் முளைத்தது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு நீட் பயிற்சி நிறுவனத்தில் வருமான வரித் துறை நடத்திய சோதனையில் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியது. ரசீது இல்லாத பணம் எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இனி சம்பளம். கட்டணம் ஏறுவதற்குப் பள்ளிகள் முதலில் சொல்லும் காரணம் ஆசிரியர் சம்பளம்தான். டெல்லியில் அதில் உண்மை இருக்கிறது. அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசுப் பள்ளி ஆசிரியரைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. ஊதியக் குழு அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணமும் ஏறும். இங்கே நிலைமை என்ன என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பி.எட். முடித்து ஏழெட்டு வருடம் அனுபவம் உள்ளவர்கள் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஒரு தொகை வரவாகும், அதில் ஒரு பங்கை எடுத்து மறுநாள் அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடமே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் உயர் நீதிமன்றம் 75 சதவீதக் கட்டணம் வாங்க அனுமதித்தது. அதையும் தவணையாக வாங்கச் சொன்னது. கால் பங்கு வரவு குறைந்தபோது பல பள்ளிகளில் முதலில் வெட்டு விழுந்தது ஆசிரியர் சம்பளத்தில். பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. காய்கறி விற்ற ஆசிரியர்களை நாமெல்லாம் அந்த ஆண்டு பார்த்தோம். வீட்டிலிருந்து செல்போனில் பாடம் நடத்தியது அவர்கள். பூட்டிக் கிடந்த கட்டடம் எந்தப் பாடமும் நடத்தவில்லை.

டெல்லியைப் பற்றி இன்னொன்று. 2004இல் மாடர்ன் ஸ்கூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. பள்ளிப் பணத்தை அதை நடத்தும் சங்கத்துக்கு மாற்றக் கூடாது. வளர்ச்சிக் கட்டணம் கல்விக் கட்டணத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவைக் கட்டணத்தில் ஏற்றக் கூடாது, மிச்சம் பிடித்த பணத்திலிருந்துதான் செய்ய வேண்டும். மேலே போட்ட கணக்கில் 34 ரூபாய் வங்கிக்குப் போனதே, அந்த இடத்தைத்தான் இந்த மூன்றாவது தொடுகிறது. டெல்லிப் பள்ளிகள் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்ல வரவில்லை; 2025இல் அங்கே புதிதாக ஒரு கட்டணச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை அங்கே நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. குஜராத் 2017இல் வேறு வழியில் போனது. தொடக்கப் பள்ளிக்கு 15,000 ரூபாய், உயர்நிலைக்கு 25,000 என்று ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் வாங்குபவர்கள் குழுவிடம் வந்து காரணம் காட்டட்டும் என்றது. குறைந்தபட்சம் சின்னப் பள்ளிகளின் கோப்புகள் குவியாமல், பெரிய பள்ளிகளின் கணக்கைப் பார்க்க நேரம் கிடைக்கும். நம் குழுவுக்கும் அந்த வழி உதவும் என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, கணக்கு வெளியே வர வேண்டும். சிபிஎஸ்இ தன் பள்ளிகளின் கட்டண விவரத்தை இணையத்தில் போடச் சொல்கிறது. எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது பணம் கட்டும் நமக்குத் தெரியாதா? எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. தணிக்கை செய்த வரவு செலவு ஆண்டுதோறும் ஆடிட்டர் கையெழுத்தோடு தயாராகத்தான் இருக்கிறது. வருமான வரித் துறைக்கும் போகிறது, கட்டணக் குழுவுக்கும் போகிறது. பெற்றோருக்கு மட்டும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குழுவிடம் கேட்கலாம் என்றால், மூன்றாம் தரப்புத் தகவல் என்று பள்ளியின் கருத்தைக் கேட்பார்கள். பள்ளி வேண்டாம் என்று சொல்லும். முழுக் கணக்கு கூட வேண்டாம். ஒரே பக்கத்தில் நான்கு வரி போதும்: சம்பளத்துக்கு எவ்வளவு, கடனுக்கும் வாடகைக்கும் எவ்வளவு, நிர்வாகிகளின் உறவினர் நிறுவனங்களுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. இதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வைக்க அரசுக்குப் புதுக் குழுவோ புது அலுவலகமோ தேவையில்லை.

ஆகஸ்டில் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. புதிதாக வரப்போகும் உள்ளரங்க விளையாட்டுக் கூடத்தின் படத்தைத் திரையில் காட்டினார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, "சார், நாங்க கட்டுற பணத்துல டீச்சர்ஸ் சம்பளத்துக்கு எத்தனை சதவீதம் போகுது?" என்று கேட்டேன். தாளாளர் சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார்: "அதெல்லாம் இன்டர்னல் மேட்டர் சார். உங்க பொண்ணு நல்லாப் படிக்குதா, அதைச் சொல்லுங்க." கைதட்டினார்கள். சுவர் ஓரமாக ஆசிரியைகள் வரிசையாக நின்றிருந்தார்கள், யாரும் நிமிரவில்லை.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என் மகளின் வகுப்பு ஆசிரியை பக்கத்தில் வந்தார். வேறு பெற்றோர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அந்தக் கேள்விய அடுத்த மீட்டிங்லயும் கேளுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்து நின்ற 12பி-யில் ஏறிப் போய்விட்டார்.